பூங்காக் கட்டணம்: வழிமொழிய ஒரு கை

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையாகப் பிறந்தது. தர்மபுரி மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றில் (பெயர் வேண்டாம்; கற்பனை ஊருக்கும் மானம் உண்டு) பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் பத்து ரூபாய் என்று தீர்மானம் போட்டார்கள். கொதித்தெழுந்து நான்கு பக்கம் எழுதினேன். "காற்றுக்கு விலை வைத்த கை எந்தக் கை? மரநிழலுக்குச் சீட்டுக் கிழித்த கை எந்தக் கை?" என்று தொடங்கும். கண்டனக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க ஏற்றவர் என்று நான் எண்ணியிருந்த ஏழாவது வார்டு கவுன்சிலர் அன்பரசியிடம் அதைப் படித்துக் காட்டினேன்.

கடைசி வரிவரை பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்கண்ணா. அந்தக் கை என்னுதுதானுங்க."

துண்டறிக்கை அங்கேயே செத்தது. அதற்கு ஓர் எதிரி வேண்டும். எதிரி எதிரில் உட்கார்ந்து டீயும் கொடுத்து, "சக்கரை போதுங்களா?" என்றும் கேட்டுவிட்டால், கதைதான் எழுத முடியும்.

2

முதல் தொடக்கம்: "மாலைக் கதிரவன் மலைகளின் தோளில் சாய்ந்து…" (அடித்துவிட்டேன். இந்த வழக்கில் கதிரவன் கட்சிக்காரர் அல்லர்.)

இரண்டாம் தொடக்கம்: "ஆதிக்கத்தின் இரும்புக் கதவுகள்…" (இதையும் அடித்தேன். கதவு வைக்கச் சொன்னவரே அன்பரசி.)

மூன்றாவது நிற்கிறது:

அன்பரசிக்கு அந்தப் பூங்காவைப் பற்றி ஒரே ஒரு கவலை. காவலர் வேலைக்கான உடற்தகுதித் தேர்வுக்கு ஆயத்தமாகும் பெண்கள் சிலர், மாலை வேளைகளில் அங்கே நடைபாதையைச் சுற்றி ஓடினார்கள். துணிக்கடையில் வேலை பார்க்கும் யுவராணி அவர்களில் வேகமானவள். அதே வேளையில்தான் மதுக்கடையிலிருந்து ஒரு கூட்டம் வந்து நடைபாதையோரம் கால்நீட்டி உட்காரும். ஓடுகிறவளுக்குப் பட்டப்பெயர் வைக்கும். மூச்சு வாங்கினால் கைதட்டும். காவலாளி மாரியப்பன் தடியோடு சுற்றிவந்தால் எழுந்து போகும். அவர் அந்தப் பக்கம் திரும்பினால் மீண்டும் வந்துவிடும்.

காசு கேட்டால் குடிகாரன் வரமாட்டான் என்று அன்பரசி கணக்குப் போட்டார். மன்றத்தில் முன்மொழிந்தார். பூங்கா விளக்குகளின் மின்கட்டணத்துக்கு வழி பிறந்ததென்று தலைவர் மாதேஸ்வரன் மகிழ்ந்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

3

கட்டணம் தொடங்கிய மாலை, அன்பரசி பார்க்கப் போனார். ஓடும் பெண்களில் ஒருத்தியும் இல்லை. நடைபாதையோரம் அந்த மதுக்கடைக் கூட்டத்துக் கிருஷ்ணப்பனும் கூட்டாளிகளும் முன்னைவிட வசதியாகச் சாய்ந்திருந்தார்கள்.

"எந்திரிங்க. வெளிய போங்க."

கிருஷ்ணப்பன் எழவில்லை. சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து, நீவி, நீட்டினார்.

"டிக்கெட் எடுத்திருக்கறனுங்க கவுன்சிலரம்மா. முன்ன மாரியப்பன் தொரத்துனா ஓடுவன். இப்ப காசு கட்டிட்டு உக்காந்திருக்கறன். ஆமா, நீங்க டிக்கெட் எடுத்தீங்களா?"

கூட்டம் சிரித்தது. அன்பரசி எடுத்திருக்கவில்லை.

அவர் நேரே வாயிலுக்கு வந்தார். சீட்டுக் கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் மாரியப்பன் இருந்தார். தடி மூலையில் சாய்ந்திருந்தது.

"ஏனுங்கண்ணா, உள்ள சுத்தறதில்லையா?"

"எப்புடிங்க சுத்தறது? நான் எந்திரிச்சா ஆளுங்க சும்மா உள்ள பூந்துடறாங்க. அப்பறம் ஆபீசுல என்னையப் புடிச்சுக் கேப்பாங்க."

(அடிக்குறிப்பு போல ஒன்று: தீர்மானத்துக்குக் கைதூக்கியவர்களில் எவரும், சீட்டு யார் கொடுப்பது என்று கேட்கவில்லை. இதை மேடையில் சொன்னால் எனக்குக் கைதட்டல் விழும். அன்பரசிக்கோ அன்றிரவு சோறு இறங்கவில்லை.)

4

மறுநாள் மாலை அன்பரசி யுவராணியை ஸ்கூட்டியில் தேடிப் போனார். புறவழிச்சாலையின் வெள்ளைக் கோட்டை ஒட்டி யுவராணி தனியாக ஓடிக்கொண்டிருந்தாள்.

"பத்து ரூவாதான் பிரச்சனைன்னா எங்கிட்ட கேக்கறதுதான புள்ள?"

"தெனமும் உங்க வூட்டு வாசல்ல வந்து நிக்கட்டுங்களாக்கா? எங்க வூட்ல கேட்டா, எதுக்குடி ஓடறன்னு கேப்பாங்க. இதுவரைக்கும் யாரும் கேக்கல. கேக்காத வரைக்குந்தான் ஓட முடியும்."

"பொண்ணுங்களுக்கு மட்டும் ஃப்ரீன்னு ஒரு கார்டு போட்டுடறேன்."

"கார்டக் காட்டி நாங்க போவோம். டிக்கெட்டக் காட்டி அவனுங்களும் உள்ளதான இருக்கானுங்க? மாரியண்ணன பழையபடி சுத்த வுடுங்க, போதும்."

கற்பாளம் ஏற்றிய லாரி ஒன்று பின்னாலிருந்து வந்தது. அதன் விளக்கு அவள் முதுகில்…

(இங்கே என் கை பரபரத்ததை மறைக்க மாட்டேன். பெண்ணொருத்தியைச் சாகடித்து அநீதியை நிறுவும் பழக்கம் எங்கள் மேடைகளுக்கு உண்டு. பிறகு அவளுக்கு மலர் தூவுவோம். யுவராணிக்கு அடுத்த மாதம் தேர்வு. மலர் அவளுக்கு எதற்கு?)

லாரி போயிற்று. கண்ணில் விழுந்த தூசியைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு அவள் மறுபடி ஓடினாள்.

5

முடிவு ஒன்று: அன்பரசி முழங்கினார்; மன்றத்துச் சுவர்கள் அதிர… (அது என் தொண்டை. அவருடையதன்று.)

முடிவு இரண்டு: கிருஷ்ணப்பன் மனம் திருந்தி… (நீங்கள் நம்பமாட்டீர்கள், கிருஷ்ணப்பனும் நம்பமாட்டார்.)

ஆகவே, முழங்காமல் எழுதுகிறேன். மன்றக் கூட்டம் பிற்பகலில் கூடியது. அன்பரசி எழுந்தார்.

"கட்டணம் வேணும்னு சொன்னது நான்தான். தப்பாப் போச்சுங்க. கட்டணத்த எடுத்துட்டு, மாரியப்பன பழையபடி சுத்தறதுக்கு வுடணும்னு முன்மொழியறேன்."

ஒன்பதாவது வார்டு தீர்த்தகிரி நாற்காலியில் சாய்ந்தார். "அன்னிக்கு வைன்னீங்க, இன்னிக்கு எடுன்றீங்க. மன்றம் என்னம்மா, உங்க வூட்டு அடுப்பா?"

"அடுப்புன்னாலும் தீயற வாசம் வந்தா எறக்கத்தானுங்கண்ணா வேணும்."

சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "சரிம்மா. பூங்கா லைட்டுக்குக் கரண்டு பில்லு? அதுக்கு வழி சொல்லு."

(இந்தக் கேள்விக்கு அன்பரசியின் வாயில் வைக்கப் பல மறுமொழிகள் எழுதிப் பார்த்தேன். எல்லாம் கைதட்டலுக்கு ஆகும். விளக்கு எரிய ஆகாது. தலைவர் கேட்டது நியாயமான கேள்வி.)

"தெரியலீங்க," என்றார் அன்பரசி. "ஒக்காந்து பேசலாம். ஆனா அந்தப் புள்ள இன்னிக்கும் ரோட்டுலதான் ஓடப்போவுது."

தலைவர் பேனாவை மூடினார். "யாராச்சும் வழிமொழியறீங்களா?"

வழிமொழிய ஒருவர் இல்லையென்றால் தீர்மானம் விழும். அதுதான் அந்த மன்றத்தின் நடைமுறை. ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். ஒருவர் கைப்பேசியைப் பார்த்தார். அன்பரசி உட்காரவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு கை மெல்ல… (எழுதினேன், அடித்துவிட்டேன். அது என் கை. கதை எழுதுகிறவனுக்கு அந்த மன்றத்தில் வாக்கு இல்லை.)

அன்பரசிக்குப் பக்கத்து நாற்காலியை நான் தொடக்கத்திலிருந்தே காலியாக விட்டு வைத்திருக்கிறேன். இதுவரை படித்து வந்த நீங்கள் அதில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். கரண்டு பில்லுக்கு உங்களிடமும் விடை இல்லை என்பது எனக்குத் தெரியும். தலைவர் இரண்டாம் முறை கேட்கிறார். துணிக்கடையில் யுவராணி செருப்பை மாற்றி ஓட்டக் காலணியின் கயிற்றை முடிந்துகொண்டிருக்கிறாள். எந்தப் பக்கம் ஓடுவதென்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.