வாயை மட்டும் அசைத்தால் போதும்

அவளைச் சபையில் எல்லோரும் சங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். போதகர்கூட ஒரு தடவை பிரசங்க மேடையிலிருந்து வாய் தவறி அப்படிச் சொல்லிவிட்டு, திருத்திக்கொள்ளாமலே ஆசீர்வாதத்துக்குப் போய்விட்டார். அவளுக்கு அதில் வருத்தமில்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவள் லைன் சூப்பர்வைசர். தையல் மிஷின்கள் வரிசையாகக் கடகடவென்று ஓடுகிற கூடத்தில் "காலர் கோணுது, நிறுத்துங்க!" என்று ஒரு குரல் கொடுத்தால், கடைசி மிஷின்காரிக்கும் கேட்டுவிடும். மைக் வாங்கித் தரலாமா என்று பேச்சு வந்தபோது, மைக்தான் பாவம் என்று மேனேஜரே சொல்லிவிட்டார்.

அந்தக் குரல் ஆண் குரல். சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? போனில் பேசினால் 'சார்' என்பார்கள். கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்த புதிதில் பெண்கள் பக்கம் நின்று பாடிப் பார்த்தாள். மேலே போக வேண்டிய இடத்தில் அவள் கீழே போக, சத்தமாகப் பாடுகிறவளை நம்பி மொத்தப் பெண்கள் பக்கமும் கூடவே இறங்கியது. அந்தச் சமயம் டெனர் வரிசையில், அதாவது ஆண்களில் மேல்குரல் பாடுகிறவர்களின் வரிசையில், பாதிப் பேர் வேலை தேடி வெளியூர் போயிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களில் ஒருவன் அவளுடைய கொழுந்தன், எலக்ட்ரீஷியன். அவன்தான், "அண்ணி, பேசாம இந்தப் பக்கம் வந்துடுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்று கையைக் காட்டினான். நடுவழியைத் தாண்டி வந்தவள் திரும்பிப் போகவேயில்லை. பின்வரிசையில் பேஸ், அதாவது ஆண்களில் கீழ்க்குரல், பாடும் புருஷனுக்கு முன்னால் நிற்கிற ஒரே பெண்டாட்டி என்று சபையில் கேலி செய்வார்கள். வீட்டிலும் அப்படித்தானே என்பான் அவள் கணவன்.

இந்த வருஷத்து மிஷன் மாநாடு இந்தச் சபையில்தான் என்று முடிவானது. பல ஊர்ச் சபைகளிலிருந்து ஆட்கள் வருவார்கள். பகலில் இசைப் பயிற்சி, மாலையில் கூட்டம். கடைசி நாள் நிறைவு ஆராதனையில் இந்தச் சபையின் பாடகர் குழு மாநாட்டுப் பாட்டைப் பாட வேண்டும். அந்தப் பாட்டை நான்கு குரலிலும் தனித்தனியாகப் பதிவுசெய்து தலைமையகம் எல்லாச் சபைகளுக்கும் முன்கூட்டியே அனுப்பியிருந்தது. மாநாடு நல்லபடியாக நடந்தால் நிரந்தரப் பயிற்சி மையமே இங்கே வரும் என்று யாரோ போதகரின் காதில் போட்டிருந்தார்கள். அதிலிருந்து மனிதர் தரையில் நிற்கவில்லை. சுவருக்கு வெள்ளை, மேடைக்குப் புதுப் படிகள், கழிப்பறைக்குப் புதுக் குழாய் என்று அமர்க்களப்பட்டது. சங்கு தன் டெனர் பகுதியை பஸ்ஸில் கேட்டு, சமையலறையில் பாடி, குக்கர் விசிலையும் தோற்கடித்துப் பாடமாக்கி வைத்திருந்தாள்.

பயிற்சி கொடுக்க வந்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். ஊர் ஊராகப் போய்ப் பாடகர் குழுக்களைச் சீர்படுத்துகிறவர். வித்தை தெரிந்தவர், அதை இல்லை என்று சொல்ல முடியாது. முதல் நாள் காலையிலேயே மூச்சை எங்கே எடுக்க வேண்டும் என்று அவர் காட்டிக்கொடுத்ததில், எந்த வரியையும் நடுவில் அறுத்துவிடுகிற கொழுந்தனே ஒரு வரியை முழுசாகப் பாடி முடித்தான். சங்குவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதனால்தான் பிறகு நடந்தது அவளுக்கு அப்படி வலித்தது.

மத்தியானம் ஆட்களைப் படிகளில் நிறுத்தினார். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். சங்கு ஆண்களோடு ஏறி நின்றாள்.

"அக்கா, இடம் மாறி நிக்கிறீங்க."

"இல்லையே மாஸ்டர். நான் டெனர்."

அவர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திவிட்டு கீபோர்டில் நாலு வரி வாசித்துப் பாடச் சொன்னார். அவள் பாடினாள். அவர் தாடையைத் தடவிக்கொண்டார்.

"குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா வீடியோ எடுக்கறாங்க. தலைமையகத்துல போட்டுப் பார்ப்பாங்க. ஆம்பளைங்க வரிசைக்கு நடுவுல ஒரு சேலை நின்னா கண்ணை உறுத்தாதா? ஆல்ட்டோவுல நில்லுங்க."

ஆல்ட்டோ என்றால் பெண்களில் கீழ்க்குரல். அதுவும் அவளுக்கு எட்டாத உயரம். அவர் சொன்னதற்காக முயன்று பார்த்தாள். மூன்றாவது வரியில் குரல் பழைய துணி மாதிரி கிழிந்தது. முன்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, பரவாயில்ல" என்றார் மாஸ்டர், தயவாகத்தான். "நீங்க அங்கயே நில்லுங்க. பாட வேண்டாம். வாயை மட்டும் அசைச்சாப் போதும். யாருக்கும் தெரியாது."

"ஆண்டவருக்குத் தெரியுமே?"

"அவர் தப்பா எடுத்துக்க மாட்டார்க்கா."

"அப்ப ஜெபத்துக்கும் வாயை மட்டும் அசைச்சாப் போதுமா மாஸ்டர்?"

மாஸ்டர் பேஸ் வரிசையின் பக்கம் திரும்பி அவர்களைப் பாடச் சொன்னார். சங்கு படியிலிருந்து இறங்கினாள். ஆல்ட்டோவுக்குப் போகவில்லை. நேராகப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் அவளுக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். கல்யாண வீட்டில் சொந்த அத்தை சொல்லியிருக்கிறாள். தொழிற்சாலையில் அவள் கத்துவது சம்பளத்துக்காக. சந்தோஷத்துக்காக அவள் வாயை முழுசாகத் திறக்கிற இடம் அந்த டெனர் வரிசை ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு, பிடுங்கியது வெளியே தெரியாமல் நடிக்கவும் சொல்கிறார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

மறுநாள் காலை போதகரே வீடு தேடி வந்தார். கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு பாட்டும்மா. சபையோட பேரு இதுல இருக்கு" என்றார்.

"பாஸ்டர், ஞாயித்துக்கிழமை நீங்க மேடையில வாயை மட்டும் அசைங்களேன். உங்களைவிட நல்லாப் பேசற யாரையாவது திரைக்குப் பின்னால நிறுத்திக்கலாம். சபையோட பேரு நிக்கும்."

போதகர் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துகொண்டார். அவர் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்த கணவன் திரும்பினான்.

"அவர்கிட்ட இப்படியா பேசறது? மூணு நிமிஷப் பாட்டு. கொஞ்சம் அனுசரிச்சுப் போனா என்ன குறைஞ்சுடும்?"

"குரல் குறைஞ்சுடும்."

"நான் என்ன சொல்றேன்னா..."

"நீங்க நேத்து என் பின்னாலதானே நின்னீங்க? அவர் சொன்னது காதுல விழுந்துச்சில்ல? ஒரு வார்த்தை வந்துச்சா உங்க வாயிலேருந்து? நீங்கதான் நேத்து வாயைக்கூட அசைக்கல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே, "அப்ப கடைசி நாள் வர மாட்டியா?" என்று கேட்டான்.

"ஏன் வராம? என் சபை. ஜம்முனு வந்து முன்பெஞ்சுல உட்காருவேன். மேடையில நின்னு நடிக்க மட்டும் என்னால ஆகாது."

சொன்னபடி வந்தாள். நிறைவு ஆராதனைக்குக் கூட்டம் வாசல்வரை நின்றது. கழுத்தில் மாநாட்டு அட்டை தொங்க, பல ஊர்ச் சபைப் பெண்கள் அவளுக்குப் பின்னாலிருந்த பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பாடகர் குழு படிகளில் ஏறியது. டெனர் வரிசையிலிருந்து கொழுந்தன் அவளைப் பார்த்த பார்வை, சந்தைக்கூட்டத்தில் கையை விட்டுவிட்ட குழந்தையின் பார்வை. கணவன் அவள் பக்கமே திரும்பவில்லை.

உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் பாடினார்கள். டெனர் கொஞ்சம் மெலிந்திருந்தது, ஆனால் விழவில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் இல்லாவிட்டாலும் பாட்டு நடக்கும், நடக்கட்டும், அதற்காக நான் இல்லாமல் போக வேண்டுமா என்று உள்ளுக்குள் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் சரணம் முடிந்ததும் மாஸ்டர் சபையின் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"சபையார் எல்லாரும் எழுந்து நின்னு சேர்ந்து பாடுங்க!"

எல்லாரும் என்றால் அவளும்தான். சபையாருக்கு எந்த மாஸ்டரும் இடம் பிரித்துக் கொடுக்கவில்லை. சங்கு எழுந்தாள், சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள், அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து டெனரைப் பாடினாள்.

மாஸ்டரின் கை ஒரு கணம் தாளம் தப்பியது. இடது உள்ளங்கையைக் கீழே காட்டி, குறை, குறை என்று அவளைப் பார்த்து அசைத்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு பாடினாள். வீடியோக்காரர் கேமராவை மேடையிலிருந்து அவள் பக்கம் திருப்பினார். போதகர் தன் காலணியை ஆராய்ந்துகொண்டிருந்தார். கொழுந்தன் மேடையில் நின்று வாயெல்லாம் பல்லாக, இன்னும் பலமாகப் பாடத் தொடங்கினான்.

அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு டெனர் கேட்டது. யாரோ ஆண் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது பெஞ்சில் கண்ணாடி போட்ட, கனத்த உடம்புக்காரி ஒருத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அதே வரியை அதே உயரத்தில் பாடிக்கொண்டிருந்தாள். கழுத்தில் வேறு ஊர்ச் சபையின் அட்டை. ஒரு சொல்லும் பிசகவில்லை. அடுத்த வரியில் தூண் ஓரத்திலிருந்து இன்னொன்று சேர்ந்தது. இருபது இருபத்திரண்டு வயதிருக்கும், ஒல்லியான பெண், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாடினாள். அந்த உடம்பிலிருந்து அந்தக் குரல் வருகிறது என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. வாசல் பக்கம் மூன்றாவது ஒன்று. யாரென்று தெரியவில்லை.

சங்குவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெண்கள் வரிசையில் நிற்கிறவர்களுக்கு டெனர் எப்படிப் பாடமாகும்? யாருக்கும் தெரியாமல், அவளைப் போலவே, அவரவர் சமையலறையில் பாடிப் பாடித்தான்.

பல்லவி முடிந்தது. மாஸ்டர் இரண்டு கையையும் மூடிக் காட்டினார், போதும் என்று. கீபோர்டு கடைசி சுரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல அடங்கியது. கண்ணாடிக்காரி முன்னால் குனிந்து சங்குவின் தோளைத் தொட்டாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"எங்க சபைக்கு இந்த மாஸ்டர் வந்து எட்டு வருஷம் ஆச்சும்மா. அன்னைலேருந்து வாயை மட்டும்தான் அசைச்சுக்கிட்டு இருக்கேன்."

"எட்டு வருஷமா?"

"எட்டு வருஷம். வரும்போதெல்லாம் நல்லா அசைக்கறேன்னு பாராட்டுவாரு."

சங்கு அவள் கையை விடவில்லை. தூண் ஓரத்துப் பெண்ணையும் தலையசைத்துக் கூப்பிட்டாள். முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை, "கொஞ்சம் தள்ளுங்க, ஆள் வருது" என்று நகர்த்தினாள். மேடையில் போதகர் நிறைவு ஜெபத்துக்காகப் புத்தகத்தைத் திறந்துகொண்டிருந்தார்.

"பாஸ்டர், ஒரு நிமிஷம்" என்றாள் சங்கு, உட்காராமல். "பாட்டு இன்னும் முடியல."

பக்கத்தில் வந்து நின்ற இரண்டு பேரிடமும், "முதல்லேருந்து. சத்தமா" என்றாள். கீபோர்டு வாசிக்கக் காத்திருக்காமல் மூவரும் ஒரே மூச்சில் எடுத்தார்கள். பேஸ் வரிசையிலிருந்து அவள் கணவனின் குரல் தனியாக வந்து கீழே சேர்ந்தது. மாஸ்டர் நிறுத்தச் சொல்லி உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.