நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்

நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர், ஒரு மணி ஐந்து நிமிடம். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் துளசிராமன் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே மகன் வசந்தகுமார், கனடாவின் வடகோடியில் மரம்கூட முளைக்காத ஓர் ஊரில், சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். அங்கிருந்து அடுத்த விமான நிலையத்துக்குத்தான் அந்தத் தூரம். அதைத் தாண்டிவிட்டால் பெரிய விமானங்கள்; ஒன்றரை நாளில் ஊத்துக்கோட்டை. திங்கட்கிழமை காலையில் செத்துப்போன மனைவி சந்திரகலாவை ஃப்ரீசர் பெட்டியில் வைத்துவிட்டு, புதன்கிழமை நாலு மணிக்கு எடுப்பதாக மனிதர் ஊருக்கே சொல்லிவிட்டார்.

எல்லாம் செல்போனில் பார்த்த கணக்கு. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைக்கு இருபத்திரண்டு வருஷமாகக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவர். இத்தனை கிலோமீட்டர் என்றால் இத்தனை நேரம், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். வண்டியே வராமல் போகும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பாவம், தோன்றியிருந்தாலும் என்ன செய்திருப்பார்?

"பனி மூடிக்கினு கீதுபா," என்றான் வசந்தகுமார் செவ்வாய்க்கிழமை. "ப்ளேன் மேலயே சுத்திட்டு, எறங்காமத் திரும்பிப் போயிடுச்சு. இங்கேந்து வேற ரோடும் கெடையாது." புதன்கிழமையும் அதே பாட்டு.

நாலு மணி தாண்டியதும் பங்காளி மோகன்ராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"துளசி, நாளைக்குப் பொழுது சாஞ்சதும் கங்கம்மாவுக்குக் காப்புக் கட்டணும். ஊர்ல பொணத்த வெச்சிக்கினு எப்டிக் கட்றது? அதுக்குள்ள எடுத்துடணும்பா."

"புள்ள கையாலதான் கொள்ளி வாங்கணும்னு சொல்லிக்கினே செத்தாளேண்ணா."

"தெரியும்பா. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

துளசிராமனுக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. பனியோடு சண்டை போட முடியுமா, அம்மனோடுதான் போட முடியுமா? அன்று மாலை மகன் கூப்பிட்டபோது உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "நீ வர்ற வரைக்கும் வெச்சிருக்கோம்டா," என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை மாலை, துளசிராமன்தான் தோளில் குடத்தைச் சுமந்து மூன்று சுற்று வந்தார். முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் நீட்டிக் கொள்ளி வைத்தார். "திரும்பிப் பாக்காம நடங்க," என்றார்கள். நடந்தார்.

பத்தடிகூடப் போயிருக்க மாட்டார், மோகன்ராஜ் ஓடிவந்து போனைக் கையில் கொடுத்தார். வசந்தகுமார்தான்.

"அப்பா, பனி விலகிடுச்சுபா! ப்ளேன்ல ஏறி உக்காந்துட்டேன். ஒரு மணி நேரத்துல அந்தப் பக்கம் எறங்கிடுவேன். அம்மாவ எடுத்துடலயே?"

பின்னால் விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது. துளசிராமன் போனை நெஞ்சில் ஒரு கணம் பொத்திக்கொண்டு, மறுபடி காதில் வைத்தார்.

"இல்லடா நைனா," என்றார். "நீ பத்திரமா வா."