இடது பக்கத்து வெளிச்சம்

புவாத் நானா கண்ணாடி மேசையின் மேல் மூன்று பல்புகளைப் பக்கத்துப் பக்கத்தில் படுக்கவைத்தார். இன்பாஸ் மூன்றையும் தொடவில்லை. அலமாரியின் உச்சித்தட்டில், நீலப்பெட்டிக்குள் தனியாக இருந்த ஒன்றைக் காட்டினான்.

"இருக்கிறதிலேயே கூடுன வெளிச்சம் அதுதானே நானா? அதக் குடுங்க."

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கும் புவாத் நானாவிடம் எதையும் கேட்டவுடன் வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. அது எப்படி வேலை செய்கிறதென்று அவர் சொல்லி முடிக்கும்வரை சாமான் கைக்கு வராது. அன்றைக்கும் அப்படித்தான். பழைய மாதிரிப் பல்பைத் தூக்கிப் பிடித்து, உள்ளே முடி கனத்தில் ஒரு கம்பி இருக்கிறது பார் என்றார். ஹெட்லைட்டுக்குள் இருக்கும் வெள்ளிக் கிண்ணத்தை அந்தக் கம்பி நிற்கும் இடத்தைக் கணக்குப் பண்ணித்தான் வளைத்திருக்கிறார்கள். அந்த ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் வெளிச்சம் கிண்ணத்தில் பட்டு, வரிசையாக ரோட்டில் போய் விழும்; எதிரே வருகிறவன் கண்ணுக்கு ஏறாது. நீலப்பெட்டியில் இருப்பதில் கம்பி கிடையாது. இரண்டு பக்கமும் பொட்டுப் பொட்டாக எரியும். கிண்ணத்துக்குள் அது ஓர் அரிசி அளவு தள்ளி உட்கார்ந்தாலும் வரிசை குலைந்து, பாதி வெளிச்சம் சவுக்கு மர உச்சிக்குப் போய்விடும்.

"ரோட்டுக்குத்தானே வெளிச்சம் வேணும்? மரத்துக்கு எதுக்கு?" என்றார்.

பிறகு பனிக்கு வந்தார். பனி என்பது புகையில்லை, தண்ணீர். கண்ணுக்குத் தெரியாத துளிகள். ஒவ்வொரு துளியும் ஒரு சின்னக் கண்ணாடி. எவ்வளவு வெளிச்சத்தை அள்ளி வீசுகிறோமோ, அதில் ஒரு பங்கை நம் முகத்திலேயே திருப்பி அடிக்கும். அதனால்தான் ஃபொக் லைட்டைப் பம்பருக்குக் கீழே, தாழ்வாகப் பூட்டுவது. வெளிச்சம் தரையோடு தட்டையாகப் பரவும். நம் கண் அதற்கு மேலே இருப்பதால், எரியும் துளிகளுக்கு மேலாக ரோட்டைப் பார்க்கலாம். மஞ்சள் பனியை வெட்டும் என்று எல்லாரும் சொல்வது பாதிக் கதை. நிறம் கண்ணுக்கு இதம், அவ்வளவுதான். எந்த உயரத்திலிருந்து எங்கே விழுகிறது என்பதுதான் காரியம்.

இன்பாஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஓரம் தெரியுமா நானா?"

போன வாரம் தெரியவில்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து கார்மெண்ட் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் பதுளைக்கு இறங்குவது அவனுடைய வேன். தேயிலை ஃபெக்டரிக்குக் கீழ் வளைவில், இடது பக்கக் கண்ணாடி எதிலோ தட்டியது. நிறுத்தி இறங்கிப் பார்த்தால், கொழுந்தெடுக்கும் இராக்கம்மா ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் உட்கார்ந்திருந்தாள். முதுகில் மாட்டியிருந்த கொழுந்துப் பையின் வாரைக் கண்ணாடி இழுத்துப் போயிருந்தது. உள்ளங்கை தேய்ந்து ரத்தம். எழுந்தவள் அவனைத் திட்டவில்லை, வேனைத் திட்டினாள்.

"இது ஹெட்லைட்டா, குப்பி லாம்பா? மனுசி நிக்கிறது தெரியாத வெளிச்சத்த வச்சுக்கிட்டு எதுக்குடா வேன் ஓட்டுற?"

வேனுக்குள் இருந்த பெண்களும் ஆமாம் என்றார்கள். லைட் மங்கல், பனி கனம். இன்பாஸும் ஆமாம் என்றான். அந்த மலையில் வருசத்தில் பாதி நாள் எல்லாருமே தடவித்தான் நடக்கிறார்கள். ஒருவன் கூடுதலாகத் தடவுவது யாருக்குத் தெரியப்போகிறது?

அவனுக்குத் தெரியும். பதுளையில் கண் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழி அடைபட்டு, அழுத்தம் ஏறி, பின்னாலிருக்கும் நரம்பை அரித்துக்கொண்டு வருகிறது. பாயைக் கறையான் அரிப்பது போல ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும். மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது. வேன் ஓட்டுவதை விட்டுவிடச் சொன்ன டாக்டரிடம் சரி என்று சொல்லிவிட்டு, அதே வேனை ஓட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான். மருந்துக் குப்பியை டேஷ்போர்டுப் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்தான். பெண்டாட்டி சிவசக்தியிடம்கூடச் சொல்லவில்லை.

போன இடம் இருட்டாகத் தெரிந்திருந்தால் அவனே பயந்து நிறுத்தியிருப்பான். அப்படித் தெரியாது. அங்கே என்ன இருக்க வேண்டுமோ அதை மூளையே வரைந்து கொடுத்துவிடும். தேயிலைச் செடிக்குத் தேயிலைச் செடி, கானுக்குக் கான். ஆளை மட்டும் வரையாது.

தகப்பனும் தாயும் கொழுந்து மலையில் கழித்த குடும்பத்தில், ஸ்டியரிங் பிடித்தவன் அவன் ஒருவன். அதை விட்டால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது. அரைக்கண் பார்வைக்காரனைத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்குக்கூட யாரும் கூப்பிடமாட்டார்கள். இரவும் பகலும் அதையே நினைத்து, கடைசியில் ஒரு கயிற்றைப் பிடித்திருந்தான். இராக்கம்மா சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். லைட்டில்தான் பிழை இருக்கலாம்.

புவாத் நானா வேனைக் கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகைக்குள் விடச் சொன்னார். கதவை இழுத்து மூடி இருட்டாக்கிவிட்டு, இன்பாஸ் பிடிவாதமாகக் கேட்ட நீலப்பெட்டிப் பல்புகளைப் பூட்டினார். எதிர்ச்சுவர் பற்றி எரிவதுபோல் வெளுத்தது. சுண்ணாம்பில் இருந்த வெடிப்புகள்கூடத் தெரிந்தன.

"எப்பிடி?" என்ற குரல் கேட்டது.

"பகல் மாதிரி இருக்கு நானா."

"எல்லாம் தெரியுதா?"

"எல்லாம் தெரியுது."

"அப்ப நான் எங்க நிக்கிறன்?"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இன்பாஸ் சுவரைப் பார்த்தான். சுவர்தான் இருந்தது. தலையை மெல்லத் திருப்பினான். வேனுக்கு முன்னால், இடது மூலையில், முழு வெளிச்சத்துக்குள் புவாத் நானா நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்த சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக ஆட்டினாரோ. துணி மெதுவாக நின்றது. வெளிச்சமும் அணைந்தது.

புவாத் நானா இருட்டிலேயே வேன் கதவுப் பக்கம் வந்தார்.

"இன்பாஸ், இது பல்பு செய்ற வேல இல்ல வாப்பா."

"பூட்டினது பூட்டினதாவே இருக்கட்டும் நானா. கீழ உள்ளதையும் பூட்டிருங்க."

எதையும் விளக்காமல் புவாத் நானா வேலை செய்தது அன்றைக்கு மட்டும்தான். மண்டிபோட்டு ஃபொக் லைட் இரண்டையும் பம்பருக்குக் கீழே தாழப் பூட்டினார். முடித்து எழுந்தவர், மறுபடி குனிந்து, இடது பக்கத்து லைட்டின் திருகைத் தளர்த்தி அதைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பி இறுக்கினார்.

"லைட்ட எந்தப் பக்கமும் திருப்பலாம்" என்றார். கையைத் துடைத்தார்.

மறுநாள் விடியலில் லயத்து வாசலிலிருந்தே பனி ஆரம்பித்தது. சிவசக்தி வழக்கம்போல முன் சீட்டில் ஏறினாள். அவளும் அதே கார்மெண்டில்தான் வேலை. சில மாதங்களாக அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள். அந்தா நாய் நிக்குது, கோயிலடியில ஆளுக நிக்குது, யாரோ சைக்கிள்ல வர்றான் என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். இடையிலுள்ள ஹேண்ட்பிரேக்கின் மேல் கையை வைத்திருப்பாள். குளிருக்கு வைத்திருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொள்வான். இராக்கம்மா விழுந்த அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை. முன் சீட்டில் ஏறிய பெண் தூங்கிக்கொண்டு வந்தாள்.

ஹெட்லைட்டைப் போட்டான். பனி எழுந்து முகத்துக்கு நேரே வெள்ளைச் சுவராக நின்றது.

"அண்ணே, சினிமாத் தெரைக்குள்ளயே ஓட்டுறீங்க" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். "படம் எப்பண்ணே போடுவீங்க?" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு எழுந்தது. அணைத்துவிட்டு ஃபொக் லைட்டைப் போட்டான். சுவர் விழுந்தது. டயருக்கு முன்னால் மஞ்சளாக ஒரு பாய் விரிந்தது. தாரில் கிடந்த சருகுகள், கானின் விளிம்பு, அதில் முளைத்த புல் எல்லாம் அந்தப் பாய்க்குள் வந்தன. இடது பக்கம் கான் தெரிந்தது. தெரிந்தது! அவன் உடம்பு முழுக்க லேசாகிப் போனது. கோயிலைத் தாண்டி, ஃபெக்டரியின் வறுத்த கொழுந்து வாசனை வந்ததும் கியரைக் குறைத்து வளைவுக்குள் இறங்கினான்.

அப்போதுதான் உறைத்தது. புறப்பட்டதிலிருந்து சிவசக்தி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏன் பேசாம வர்ற?"

"அதான் லைட்டு மாத்தியாச்சே."

முகத்தைத் திருப்பிப் பார்த்தான். அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹேண்ட்பிரேக்கைச் சுற்றியிருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. குளிரால் அப்படி வெளுக்காது.

"நீங்களே சொல்லுங்க" என்றாள், பின்னால் கேட்காத குரலில். "எடப்பக்கம் என்ன இருக்கு?"

நேரே பார்த்தான். மஞ்சள் பாய் சுத்தமாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் கான், அதற்கு அப்பால் செடி.

"ஒண்ணுமில்ல. தேயிலதான்."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்ட சத்தம் மட்டும் கேட்டது. அவன் காலைப் பிரேக்கில் வைத்து அழுத்தினான். அவளும் ஹேண்ட்பிரேக்கை இழுத்திருந்தாள். வேன் ஒரு குலுக்கலோடு நின்றது. பின்னாலிருந்த பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, என்னண்ணே, நேரமாகுதே என்றார்கள்.

எஞ்சினை நிறுத்தினான். லைட்டை அணைக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே, இடது பக்கம், அவ்வளவு கிட்டத்தில் செருப்புகள் ஈரத் தாரில் அடிக்கும் சத்தம் கேட்டது. இருமல், பேச்சு. அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்குப் போகும் கொழுந்துக்காரப் பெண்கள், இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, ஓரத்தோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள்.

"அடியாத்தி, கல்யாண வேனாட்டம் ஜொலிக்குதே" என்றது இராக்கம்மாவின் குரல். "இப்பத்தான்டா மனுசனுக்குக் கண்ணு தெரியும்."

வேன் நிற்பதால் அவர்கள் முன்பக்கமாகக் குறுக்கே கடந்து மேல் ரோட்டுக்குப் போனார்கள். ஒவ்வொரு ஜோடிக் காலும் எங்கிருந்தென்று தெரியாமல் மஞ்சளுக்குள் வந்து, நாலு எட்டு வைத்து, மறுபக்கம் கரைந்தது. கட்டுப்போட்ட ஒரு கையும் தாழ்வாக ஆடிக்கொண்டு போனது. சிவசக்தி டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தாள். துணி சுற்றிய குப்பியை, தேடாமலேயே, எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இன்பாஸ் தலையைத் திருப்பவில்லை. நேரே பார்த்தபடி இருந்தான். மஞ்சளுக்குள் கால்கள் வருவது நின்றுபோனது. மஞ்சள் பாயில் சருகுகள் மட்டும் கிடந்தன. இடது பக்கத்தில் செருப்புச் சத்தம் இன்னும் வந்துகொண்டே இருந்தது.