தங்கிப்போன பேச்சு

செஞ்சியில், திண்டிவனம் ரோட்டில் ராஜாங்கம் கட்டிய புது வீட்டில், பேசின பேச்சு வெளியே போவதில்லை என்று முதலில் கண்டுபிடித்தது அவர் மனைவி கமலாம்பாள். திங்கட்கிழமை குக்கர் மூன்று விசில் விட்டது. இறக்கி வைத்து, சோறு போட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தும் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை மத்தியானம், அடுப்பில் ஒன்றுமே இல்லாத நேரத்தில், அந்த மூன்று விசிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடத்தைக் கடந்து போயின. புதன்கிழமை ராஜாங்கம் தும்மிய தும்மலுக்கு அவள் வியாழக்கிழமை உட்கார்ந்து "நூறு" சொன்னாள்.

வீட்டைக் குறை சொல்ல முடியாது. அப்படிக் கட்டச் சொல்லித்தான் கட்டியது. மருமகள் பூங்குழலி மண்டகப்பட்டுக்காரி. இப்போது ஜெர்மனியில் இருக்கிறாள். அங்கே அவளுக்கு வேலையே வீடுகளைச் சோதிப்பதுதான். வாசலில் துணியை இழுத்துக் கட்டி, நடுவில் பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்சுவாள். சுவரில் மயிரிழை இடுக்கு இருந்தாலும் அது வழியாகக் காற்று உள்ளே வந்து காட்டிக்கொடுத்துவிடும். கருவியில் எண் ஒன்றைத் தாண்டினால் வீடு ஃபெயில்.

போன வருஷம் கத்திரி வெயிலில், கோட்டையின் மூன்று மலையும் பகலெல்லாம் வாங்கின சூட்டை ராத்திரியெல்லாம் ஊருக்குத் திருப்பிக் கொடுக்க, பழைய வீட்டில் கமலாம்பாள் மயங்கி விழுந்தாள். அந்த வாரமே பூங்குழலி படம் போட்டு அனுப்பினாள். முழங்கை நீளத்துக்குச் சுவர், அதன் நடுவில் பஞ்சு, ஜன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி, கதவைச் சுற்றி ரப்பர்.

கட்டியவர் ரசூல் மேஸ்திரி. தோஹாவிலும் மலேசியாவிலும் பாதி ஆயுளைச் சுவராக எழுப்பிவிட்டு வந்தவர்.

"தோஹா வீட்டுக்கு மழைன்னா இன்னான்னே தெரியாது, அண்ணே," என்று அஸ்திவாரம் போட்ட அன்றே சொன்னார். "ஒரு தடவ தூறுச்சு. செவுரெல்லாம் பயந்துபோயி ரெண்டு நாள் ஏசியக் கட்டிப் புடிச்சுக்கினு நின்னுச்சு. மலேசியா வீடு மழையிலயே பொறந்தது. சாயங்காலம் பூசின செவுத்துல காலையில காளான் பறிச்சு எங்க மொதலாளியம்மா கொழம்பு வெச்சுது. நம்ம செஞ்சி வீட்டுல வெயிலும் வரும், மழையும் வரும், பல்லியும் வரும். எல்லாம் வென்டிலேட்டர் வழியா போயிடும். இந்த ஜெர்மனி வீடு இருக்குதே, இதுல வந்தது போவாது."

போகவில்லை. ஆனாலும் ராஜாங்கத்துக்கு அந்த வீடு பிடித்துத்தான் இருந்தது. உள்ளே எந்நேரமும் கிணற்றடிக் குளிர்ச்சி. மூன்றடுக்குக் கண்ணாடிக்கு அப்பால் ராஜகிரி, தண்ணீருக்கடியில் கிடக்கிற மலைபோல லேசாக அசைந்தது. ரோட்டில் திருவண்ணாமலை பஸ் ஒரு பெரிய மீனாகச் சத்தமில்லாமல் போயிற்று. அவர் வெறுங்காலோடு கூடத்தில் நடந்தால், முந்தாநாள் பேச்சுகள் இடுப்பு உயரத்தில் மிதந்து, மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டன.

அடுத்த திங்கட்கிழமை மகன் சிவசங்கர் போன் செய்தான். "வெள்ளிக்கிழம வர்றோம் நைனா. பத்து நாள் இருப்போம்."

பூங்குழலி போனை வாங்கினாள். "மாமா, ஜன்னல் ரப்பர் ஒழுங்கா ஒக்காந்திருக்குதா? கதவு இடுக்குல காத்து வருதா?"

"வரல."

"சரி மாமா." வைத்துவிட்டாள்.

ராஜாங்கம் அணைந்த போனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஊறுகா மாதிரி நம்மள பாட்டில்ல போட்டு மூடிட்டா உன் மருமவ. மூடி சரியா இருக்குதான்னு கேப்பா. உள்ள இருக்குறது இருக்குதா செத்துதான்னு கேக்க மாட்டா."

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். பேச்சு அதற்குள் விட்டத்துக்கு ஏறிவிட்டது. செவ்வாய்க்கிழமை சாமி மாடத்தருகே ஒரு முறை கேட்டது. புதன்கிழமை மெதுவாக மிதந்து, மகனும் மருமகளும் படுக்க ஒழித்து வைத்திருந்த அறைக்குள் போய், கட்டிலில் தலையணைப் பக்கமாகப் படுத்துக்கொண்டது. அந்த அறைக்குத் திறக்காத கண்ணாடி. நாழிகைக்கு ஒரு தரம் ராஜாங்கத்தின் குரலிலேயே, எழுத்துப் பிசகாமல், தன்னைச் சொல்லிக்கொண்டது.

கமலாம்பாள் கோழி விரட்டுவது மாதிரி துண்டை வீசிப் பார்த்தாள். அது கட்டிலுக்கடியில் போயிற்று.

"நல்லா பேசினீங்க," என்றாள். "அந்தப் பொண்ணு கேட்டுச்சுன்னா பொட்டியப் பிரிக்காம திரும்பிடும். புள்ளையும் பின்னாலயே போயிடுவான். அப்புறம் நீங்களும் உங்க பேச்சும் இங்க குடும்பம் நடத்துங்க."

வியாழக்கிழமை ராஜாங்கம் ரசூலைக் கூப்பிட்டுச் சுவரில் ஒரு துளை போடச் சொன்னார். ரசூல் காதைப் பொத்திக்கொண்டார்.

"உங்க மருமவ ஊரு மண்டகப்பட்டுல ஒரு பல்லவ ராஜா, செங்கல்லு இல்ல, மரம் இல்ல, சுண்ணாம்பு இல்லன்னு ஒரே பாறையில கோயில் கொடஞ்சான், அண்ணே. இடுக்கே கெடையாது. அதப் பாத்து வளந்தவங்க. ஓட்டையக் கண்டா விடுவாங்களா? இந்த வீடு பாஸாச்சுன்னா பாண்டியில இன்னும் ரெண்டு வீட்டு வேல எனக்கு வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க."

"ரசூல், நீ உள்ள போயி ஒரு தடவ அதக் கேட்டுட்டு வா."

ரசூல் கேட்டுவிட்டு வந்து, துளை போடுகிற மெஷினை மாட்டினார். நாலு அங்குல வட்டம். துளை வெளியே எட்டியதும் பேச்சு கட்டிலுக்கடியிலிருந்து எழுந்து, ஒரு முறை அறையைச் சுற்றிப் பார்த்து, துளை வழியாகப் போயிற்று. வெளியே கரெண்ட் கம்பியில் இருந்த குருவிகள் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தன. ராஜாங்கம் துளையின் மேல் காலண்டரை மாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் ரசூலும் வந்து காத்திருக்க, கார் வந்தது. சிவசங்கர் பெட்டிகளை இறக்கினான். பூங்குழலி இறங்கி, காலில் விழுந்து எழுந்து சொன்னாள்:

"மாமா, தீவனூர் தாண்டினதும் கண்ணாடிய எறக்கினேன். ஒரு பேச்சு உள்ள வந்து ஒக்காந்துச்சு. உங்க கொரல் மாதிரி இருந்துச்சு."

"என் கொரல்ல செஞ்சியில நாலு பேர் பேசுவான்மா," என்றார் ராஜாங்கம்.

அவள் காப்பிகூடக் குடிக்காமல் வாசலில் துணியைக் கட்டி விசிறியைப் போட்டாள். எண் நாலில் நின்றது. உள்ளங்கையை நனைத்துக்கொண்டு அறை அறையாகச் சுவரோரம் நடந்தாள். காலண்டர் காற்றில் தானாகத் தாள் புரட்டிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி, படத்துல இல்லாத ஓட்ட எப்டி வந்துச்சு?"

ரசூல் மேலே பார்த்தார். "எலியா இருக்கும்மா."

"எலி காம்பஸ் வெச்சு வட்டம் போட்டுத்தான் கொடையுமா?"

"மலேசியாவுல நான் பாத்த எலி..."

"பாண்டி வீட்டுக்கு வேற ஆள் பாத்துக்கறேன், பாய்."

ரசூலுக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் ராஜாங்கத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. ராஜாங்கம் அவரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் மருமகளைப் பார்த்தார்.

"நான்தாம்மா போடச் சொன்னேன். காருல வந்தது என் பேச்சுதான். நீ வந்து படுக்கிற எடத்துல அது கெடக்கக் கூடாதுன்னு வெளிய அனுப்பினேன். அது எதிர்லயே வந்து உன்னக் கூட்டிக்கினு வரும்னு எனக்கு இன்னா தெரியும்?"

வீட்டில் யாரும் பேசவில்லை. பேசினால் தங்கிவிடுமே.

பூங்குழலி கட்டிலில் உட்கார்ந்தாள். கதவு வழியாகத் தெரிந்த கூடத்துச் சுவரில் பெட்டி மாதிரி இருந்த ஒன்று அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. வந்த பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், மேலே குங்குமப் பொட்டோடு இருந்தது.

"காத்து மெஷின இன்னும் போடவே இல்லையா, அத்த?"

"நீ வந்து பாக்கறப்ப புதுசா இருக்கட்டும்னு வெச்சிருக்கேன்," என்றாள் கமலாம்பாள் பெருமையாக.

"இதான் அத்த இந்த வீட்டுக்கு மூக்கு. பழசெல்லாம் இது வழியாத்தான் போவணும்." நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மூக்குக்கு உறை போட்டுப் பொட்டும் வெச்சிருக்கீங்க."

உறையைப் பிரிக்கப் போனவள் பாதியில் நின்றாள். திரும்பி, "மேஸ்திரி, மொதல்ல அந்த ஓட்டைய அடைங்க," என்றாள்.

ரசூல் ஈரச் சாக்கைத் திணித்துக் கலவை பூசினார். பூங்குழலி எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு பேரும் கதவில் காதை வைத்தார்கள். ஒரு முனகல்கூட வரவில்லை. "ரப்பர் அப்டி," என்றார் ரசூல் மெல்ல.

சோறு ஒரு கொதி வருகிற நேரம் கழித்து அவள் வெளியே வந்து, கதவை உடனே சாத்தினாள். மூக்கு சிவந்திருந்தது.

"பதில் உள்ள இருக்குது மாமா. போயி கேட்டுக்குங்க."

ராஜாங்கம் உள்ளே போனார். கண்ணாடியில் மலை அசைந்தது. பிறகு தலையணைப் பக்கமிருந்து, ஜெர்மனி வாடையே இல்லாத சுத்த மண்டகப்பட்டுத் திட்டு எழுந்தது.

"ஊறுகாவா நீங்க? அத்த மயங்கி வுழுந்தாங்கன்னு போன் வந்தப்ப நான் எவனோ ஒருத்தன் வீட்டு வாசல்ல விசிறியப் புடிச்சுக்கினு நின்னேன். வெளிய குளிரு மழ கொட்டுது. உள்ள ஒரு கெழவன் ஸ்வெட்டர்கூட போடாம ஒக்காந்து டீ குடிக்கிறான். எங்க மாமனும் அத்தையும் வெயில்ல இப்டி ஒக்கார மாட்டாங்களான்னு அங்கயே அழுதேன். எல்லாரும் சொகமான்னு கேப்பாங்க. எனக்குக் காத்து வருதான்னு கேக்கத்தான் தெரியும். இன்னொரு தடவ இப்டிப் பேசினீங்க, அப்புறம் இருக்குது உங்களுக்கு."

ராஜாங்கம் கட்டிலில் உட்கார்ந்தார். அது ஓய்ந்து, சுவரோரம் ஒரு சுற்று போய், திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறந்ததிலிருந்து தன்னை இவ்வளவு நன்றாக யாரும் திட்டியதில்லை என்று தோன்றியது.

வெளியே உறை பிரிந்தது. பூங்குழலி சுவிட்சில் விரலை வைத்திருந்தாள்.

"மாமா, மெஷின போடட்டுமா?"

ரசூல் கதவைப் பலமாகத் தட்டியதும் அது முகத்தளவுக்கு மட்டும் திறந்தது.

"ஒரு பத்து நிமிஷம் இரும்மா," என்றார் ராஜாங்கம். உடனே சாத்திக்கொண்டு, ரப்பர் எங்கேயும் தூக்காமல் கையால் ஓரமெல்லாம் அழுத்திவிட்டார்.