பெரியம்மாளின் கூச்சலும் பத்து ரூபாய்க் கழிவும்

பெரியம்மாளின் கூச்சலுக்கு விலை முப்பது ரூபாய் என்றாள் நதியா. இருபது என்றார் தனசேகரன். ஜவ்வாது மலையில் தன் பெண்டாட்டியின் கூச்சலுக்கு ஈடு கிடையாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் நல்ல சரக்கென்று வாங்குகிறவனே ஒப்புக்கொண்டால் பேரம் என்ன ஆவது?

பெரியம்மாள் மகள் பிரசவத்துக்காகக் கண்ணமங்கலம் போயிருந்தாள். இங்கே சாமைக் கதிர் முற்றி நின்றது. அவள் இருந்தவரை பொழுது சாயும்போது கொல்லைமேட்டில் நின்று ஒரு குரல் விட்டால் போதும், காட்டுப்பன்றிகள் வேறு காடு பார்க்கும். குரலுக்குப் பின்னால் கல் வரும் என்பது அவற்றின் அனுபவம். தனசேகரனின் தொண்டையோ கடன் கேட்கவே தோதுப்படாதது. ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று வாங்கி நட்டார். அதோடு வந்த புலி உறுமலைப் பக்கவாத்தியமாக வைத்துக்கொண்டு பன்றிகள் மேய்ந்தன. ஒரு மூலை காலி. இப்படியே விட்டால் தட்டைதான் மிஞ்சும்.

ஆகவே கூச்சலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். பெட்டி அதைத் தின்ன மறுத்தது; 'வேவ்' கோப்பு மட்டும்தான் அதற்கு இறங்குமாம். அப்படித்தான் ஒடுகத்தூரில் நதியாவின் கம்ப்யூட்டர் கடைக்கு வந்து சேர்ந்தார்.

நதியா ஹெட்போன் மாட்டி முழுவதையும் கேட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு மவுஸைத் தொடாமல் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தாள்: எஃப்எஃப்எம்பெக் என்று கோப்பு மாற்றும் நிரலின் பெயர், உள்ளே போகிற கோப்பின் பெயர், வெளியே வரவேண்டியதன் பெயர், அதன் வாலில் வேவ். என்டர் தட்டியதும் எழுத்துகள் மளமளவென்று ஓடி நின்றன. நூறு கேபி, நான்கு எம்பி ஆகியிருந்தது.

தனசேகரனின் கண் சுருங்கியது. "இன்னாம்மா இது, புளி மூட்டைல தண்ணி தெளிச்ச மாதிரி கீது? எடை ஏறிச்சி, சரக்கு ஏறிச்சா?"

"ஏறலண்ணா. அமுக்கிக் கட்டுன மூட்டையப் பிரிச்சி வச்சிருக்கேன், அவ்ளோதான். அமுக்கறப்ப சிந்துனது திரும்ப வராது. ஆனா உங்க பெட்டிக்குப் பிரிச்ச மூட்டதான் ஆவும்."

நியாயமான பதில். இருபத்தைந்தில் முடிந்தது. கூச்சல் முன்பக்கம்தான், பின்னால் வீட்டுப் பேச்சு வருகிறது, இன்னொரு வரி அடித்து அதை வெட்டிவிடட்டுமா, பத்து ரூபாய் ஆகும் என்றாள் நதியா.

தனசேகரனுக்கு அங்கேதான் ரோஷம் வந்தது. கொட்டை, நார், தூசு என்று எடையில் கழிவு பிடித்தே புளி மண்டிக்காரர்கள் அவரை இளைக்க வைத்திருந்தார்கள்.

"கழிவு புடிக்கறதுக்கு நானே காசு குடுக்கணுமா? முழுசா இருக்கட்டும்மா."

கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று நதியா ஹெட்போனை நீட்டினாள். மலைக்குப் போகும் பஸ் ஹாரன் அடித்தது. தவிர, பெரியம்மாள் பேசுவதைக் கடைசிவரை கேட்கும் வழக்கம் கல்யாணமான வருஷத்தோடு அவரை விட்டுப் போயிருந்தது.

பொழுது சாய்ந்தது. பெட்டி கத்தியது. புதரிலிருந்த கூட்டம் கல்லுக்குக்கூடக் காத்திராமல் ஓடியது. தனசேகரன் மீசையைத் தடவினார். பெட்டி நிறுத்தவில்லை, மலை முழுக்கக் கேட்கும்படி பேசியது:

"மாமா, புளி வித்த காச அரிசிப் பானைல வச்சிகீறேன். ஏர் ஓட்டுன கூலி கேட்டு அருணகிரி அண்ணன் வந்தா, புளி இன்னும் விக்கலன்னு சொல்லிடு."

அருணகிரி பக்கத்துக் கொல்லைக்காரர். பெட்டியோ ஐந்து நிமிடத்துக்கொருமுறை சொன்னதையே சொல்கிற சாதி. தனசேகரன் ஓடிப்போய் அணைத்தார். உடனே புதரில் பன்றி உறுமியது. மானமா, சாமையா என்று ஒரு கணம் எடை போட்டுப் பார்த்துவிட்டு, பெட்டியை மறுபடி தட்டிவிட்டார்.

விடிந்ததும் அருணகிரி வந்தார்.

"சேகரு, பானைய நீ எறக்கறியா, நான் எறக்கட்டா?"

ஏர்க்கூலி இரண்டாயிரத்தையும் எண்ணி வாங்கியவர், ஒரு நூறைத் திருப்பி நீட்டினார். தங்கச்சி சத்தத்தில் தன் கொல்லையிலும் பன்றி இறங்கவில்லையாம், அதற்குக் கழிவு.

தனசேகரன் மனசுக்குள் கணக்குப் போட்டார். கோப்பு மாற்றச் செலவு இருபத்தைந்து. வெட்டாததில் மிச்சம் பத்து. ஏர்க்கூலி ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் தீர்ந்தது. கழிவு வரவு நூறு, பிறந்ததிலிருந்து முதல்முறை. சாமை, ஒரு மூலை நீங்கலாக, முழுசு. பெரியம்மாளுக்குச் சொல்லவேண்டிய பதில் மட்டும் பாக்கி.