நாற்பது மீட்டர் தள்ளி

டில்டேவின் தலையில் தொப்பி ஏறிய அந்த ஒரு நொடியை ஃப்ளெம்மிங் பதினேழு படங்களாக எடுத்திருந்தார். பதினேழும் குப்பை.

பள்ளியின் கடைசி வாய்மொழித் தேர்வை முடித்துவிட்டு மகள் வெளியே வந்தாள். பள்ளி முடித்தவர்கள் மட்டும் போடுகிற, சிவப்புப் பட்டை போட்ட வெள்ளைத் தொப்பியை அம்மா யூட்டே அவள் தலையில் வைத்தாள். சுற்றி நின்றவர்கள் சின்னச் சின்னக் கொடிகளை ஆட்டினார்கள். ஃப்ளெம்மிங் கார் நிறுத்துமிடத்தின் மறுகோடியில், சைக்கிள் கொட்டகையை ஒட்டி நின்று, முந்நூறு எம்.எம். வரை நீளும் ஜூம் லென்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சட் சட்டென்று அமுக்கினார். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் தொப்பி ஒரு வெள்ளைத் தீற்றல். முகம் மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி கரைந்து கிடந்தது.

ஃப்ளெம்மிங் நகராட்சியின் தண்ணீர்த் துறையில் குழாய்க் கசிவு கண்டுபிடிக்கிறவர். தண்ணீர் குறைந்தால் குழாயில் ஓட்டை. அதே புத்திதான் கேமராவிலும்: படம் கலங்கினால் லென்ஸில் கோளாறு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனாலும் அவர் நியாயஸ்தர், விசாரிக்காமல் தண்டிக்க மாட்டார். அன்று மாலையே கேமராவை ட்ரைபாடில் மாட்டி, எதிர்க் குடியிருப்பின் செங்கல் சுவரை அறுபத்து நாலு படம் எடுத்தார். ஒவ்வொரு செங்கலும் எண்ணுகிற மாதிரி வந்தது. அதைப் பார்த்தாவது லென்ஸில் தப்பில்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். சுவர் அசையாது என்பதை மட்டும் மனிதர் மறந்துபோனார்.

மறுநாள் காலை லிஸ்பெட்டின் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். அந்த ஸ்வென்போர் ஊரில் கேமரா விற்று, பழுதும் பார்த்துக் கொடுக்கிற கடை அவளுடையது. நாற்பது வயது, வாயில் எப்போதும் ஒரு உப்பு மிட்டாய்.

"வாங்க ஃப்ளெம்மிங். இந்தத் தடவை எந்த லென்ஸ் மேல கேஸு?"

"இந்த முந்நூறு சரியில்ல லிஸ்பெட். எனக்கு நானூறு வேணும். வெள்ளையா, பெருசா இருக்குமே, அது. வாடகைக்காவது குடு."

அவள் முதலில் சுவர்ப் படங்களைத்தான் பார்த்தாள். ஒன்று, இரண்டு, ஒன்பது, பத்து.

"சுவர் லட்சணமாத்தான் இருக்கு. எந்த ஊர்ப் பொண்ணு?"

ஃப்ளெம்மிங் சிரிக்கவில்லை. "இது பள்ளிக்கூட சைக்கிள் ஷெட்ல நின்னு எடுத்தது," என்று தொப்பிப் படங்களை எடுத்து முன்னால் வைத்தார். லிஸ்பெட்டும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு, படத்தோடு பதிவாகியிருந்த எண்களைப் படித்தாள்.

"லென்ஸோட கண்ணைப் பதினாறுல மூடி வச்சிருக்கீங்களே, ஏன்?"

"மூடினா கூர்மை கூடும்னு இன்டர்நெட்ல ஒருத்தன் போட்டிருந்தான்."

"சுவருக்குக் கூடும். சுவர் மூச்சு விடாதில்ல. அத்தனை மூடினா வெளிச்சம் போதாம ஷட்டர் மெதுவாத்தான் விழும். நூத்துல ஒரு பங்கு நொடி. கையில பிடிச்சு, முந்நூறு எம்.எம்.ல! உங்க நாடித்துடிப்பு மொத்தமும் படத்துல விழுந்திருக்கு பாருங்க. போதாக்குறைக்கு நூறு மீட்டர் தூரம். நடுவுல வெயில்ல காஞ்ச தார்த்தரை, அந்த அனல் ஆடினது வேற."

"அப்ப நானூறு இருந்தா?"

"நடுக்கமும் சேந்து பெருசாகும். கண்ணைத் திறந்து வைங்க, வெளிச்சத்தைக் கூட்டி வாங்குற ஐ.எஸ்.ஓ.வை ஏத்துங்க, ஷட்டர் ஆயிரத்துக்கு மேல ஓடட்டும். பாதி நோய் போயிடும். மீதிப் பாதி லென்ஸ்ல இல்ல." அவள் ஒரு படத்தை விரலால் தட்டினாள். "சொந்தப் பொண்ணு தலையில தொப்பி வைக்கிறாங்க. நீங்க எதுக்குங்க சைக்கிள் ஷெட்ல நிக்கிறீங்க?"

ஃப்ளெம்மிங் கேமராப் பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். "அதை விடு. நாளைக்கு லாரி இருக்கு. அதையும் கெடுத்துட்டேன்னா அவ்வளவுதான். ஆகஸ்ட்ல அவ ஒரு வருஷம் க்ரீன்லாந்து போறா, குழந்தைங்க காப்பகத்துல வேலைக்கு. ஒரே ஒரு நல்ல படம் வேணும் லிஸ்பெட். ஒண்ணு போதும்."

தொப்பி போட்ட பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போகும் லாரி அது. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு வாசலிலும் நிற்கும், பெற்றவர்கள் தின்னவும் குடிக்கவும் கொடுப்பார்கள், பத்து நிமிஷத்தில் அடுத்த வீடு. ஒரு பிள்ளைக்கு ஒரு வீடுதான். அப்பாவும் அம்மாவும் தனித்தனியாக இருந்தால் ஏதோ ஒரு வாசலைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியதுதான். டில்டேவின் லாரி யூட்டே வீட்டில் நிற்கிறது.

"எதிர்ல பஸ் ஸ்டாப் இருக்கு. அங்க நிக்கலாம்னு. நாப்பது மீட்டர். அளந்து பாத்துட்டேன்," என்றார் ஃப்ளெம்மிங்.

"அளந்தீங்களா!"

"ஆபீஸ் டேப் கையில இருந்துச்சு."

"உங்களை வீட்டுக்குக் கூப்பிடலையா?"

"யூட்டே மெசேஜ் போட்டா. மூணு இருபதுக்கு லாரி வரும், வரணும்னா வான்னு."

"அப்புறம் என்ன?"

"வரணும்னா வான்னா என்ன அர்த்தம்? வாங்கிறதா, வராதேங்கிறதா?"

லிஸ்பெட் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் அவர் வாய் திறந்தது. இதுவரை ஒருவரிடமும் சொல்லாததைச் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால், டில்டேவுக்குப் பதின்மூன்று வயது. ஹேண்ட்பால் ஆட்டம். அவர் கோட்டோரம் முழங்காலிட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் அவள் முகமெல்லாம் சிவந்து வந்து, தோழிகள் எல்லாரும் பார்க்க, "கிட்ட வராதப்பா. தள்ளிப் போ," என்றாள். அந்த வசந்தத்தில்தான் அவரும் யூட்டேயும் பிரிந்தார்கள். அடுத்த வாரம் அவர் தன் முதல் ஜூம் லென்ஸை வாங்கினார்.

"அதுக்கப்புறம் அவ பேச்சை ஒரு நாளும் மீறினதில்ல," என்றார். அதைச் சொல்லும்போது குரலில் லேசான பெருமை கூட இருந்தது, பாவம்.

ஊரில் பிள்ளைகள் சொல்வதை எந்த அப்பா கேட்கிறான்? இவர் கேட்டார். ஒரு சொல்லை ஆறு வருஷம் கட்டிக்கொண்டு அழுதார். பார்வையாளர் மாடத்திலிருந்தும், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும், கார்க் கண்ணாடி வழியாகவும் மகள் வளர்வதைப் பார்த்தார். சனி ஞாயிறுகளில் அவள் அவரிடம் வந்து தங்கினாள்தான். மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், வானிலை பேசுவார்கள். அவளுடைய கூட்டத்துக்குள், அவளுடைய உலகத்துக்குள் அவர் கால் வைத்ததில்லை. வைக்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தார்.

லிஸ்பெட் எழுந்து போய், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குட்டி லென்ஸோடு வந்தாள். "இது ஐம்பது. நீளாது, சுருங்காது. திருகிக் கிட்ட கொண்டுவர்ற வேலையெல்லாம் இதுல நடக்காது. பஸ் ஸ்டாப்ல நின்னு எடுத்தா உங்க பொண்ணு எறும்பு சைஸ்லதான் இருப்பா."

"அப்புறம் இதை வச்சு நான் என்ன பண்றது?"

"எறும்பு வேணாம்னா நடங்க." முந்நூறைக் கேமராவிலிருந்து கழற்றித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "இதுல தூசி இருக்கு. துடைச்சுத் தர்றேன். திங்கக்கிழமை வாங்க."

"திங்கக்கிழமையா! லாரி நாளைக்குடி அம்மா!"

"தெரியும்," என்றாள் லிஸ்பெட்.

சனிக்கிழமை மூன்று மணிக்கே ஃப்ளெம்மிங் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். யூட்டேயின் வாசலில் கொடி ஏறியிருந்தது, மேஜைமேல் தட்டுகள் அடுக்கியிருந்தன. கேமராவைக் கண்ணில் வைத்தால் வீடு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. லிஸ்பெட்டை மனசுக்குள் திட்டினார். இரண்டு பஸ்கள் அவருக்காக நின்று கதவைத் திறந்தன. இரண்டு ஓட்டுநர்களிடமும் கையை ஆட்டி மன்னிப்புக் கேட்டார்.

மூன்று இருபது ஆயிற்று. மூன்று நாற்பதும் ஆயிற்று. லாரி என்றைக்கு நேரத்துக்கு வந்தது? கடைசியில் திருப்பத்தில் ஹாரன் அலறியது. முப்பது தொண்டைகளின் கூச்சல் அதையும் மீறிக் கேட்டது. ஃப்ளெம்மிங் கேமராவைத் தூக்கினார். தெரு தெரிந்தது, வானம் தெரிந்தது, ஏகப்பட்ட வானம். இங்கிருந்து எடுத்தால் இதுவும் குப்பை. அங்கே போய் அவள் முகம் சுளித்தால்? தோழிகளின் முன்னால், அதுவும் இன்றைக்கு, "தள்ளிப் போ" என்றால்? அதைத் தன்னால் தாங்க முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. படமே இல்லாமல் வீட்டுக்குப் போவதையும் தாங்க முடியாது. சாலையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குறுக்கே நடந்தார்.

யூட்டே சுடச்சுட சாசேஜ் தட்டோடு வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள். "வந்துட்டியா? நகரு, வழியில நிக்காத. அந்த கேட் பக்கமா நில்லு," என்றாள். அவ்வளவுதான் வரவேற்பு. அவர் கேட் பக்கமாக, வேலியை ஒட்டி நின்றார்.

பிர்ச் மரக் கிளைகள் கட்டிய லாரி குலுங்கி நின்றது. பக்கவாட்டில் தொங்கிய படுக்கை விரிப்பில் ஏதோ அசட்டுக் கவிதை எழுதியிருந்தது. பிள்ளைகள் தொப்தொப்பென்று குதித்தார்கள். டில்டே கடைசியாக இறங்கினாள். இறங்கினவள் வீட்டைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்க்கவில்லை. திரும்பிச் சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. அவள் முகம் தொங்கிப் போனதைப் பத்தடி தூரத்திலிருந்து, கேமராவின் கண் வழியாக, ஃப்ளெம்மிங் பார்த்தார். இந்தப் பெண் தன்னை அங்கே தேடுகிறாள். தான் எப்போதும் எங்கே நிற்போம் என்பது இவளுக்குத் தெரிந்திருக்கிறது, இத்தனை வருஷமும்.

"டில்டே," என்றார். கூச்சலில் கேட்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார்.

அவள் திரும்பினாள். ஒரு கணம் நம்பாத மாதிரி நின்றாள். பிறகு ஓடி வந்தாள். ஃப்ளெம்மிங் எதையும் யோசிக்காமல் பொத்தானை அமுக்கினார். அடுத்த நொடி அவள் வந்து மோதினாள். தொப்பி எகிறி வேலிக்குள் விழுந்தது.

"அப்பா! நீ வரலேன்னு நெனச்சுட்டேன்! பஸ் ஸ்டாப்ல காணுமே!"

"அங்க நிக்கிறது உனக்குத் தெரியுமா?"

"நீ எங்க ஒளிஞ்சாலும் தெரியும்பா. பீரங்கி மாதிரி லென்ஸைத் தூக்கிட்டு நின்னா ஊருக்கே தெரியும். எதுக்குப்பா அவ்வளவு தூரம்?"

"நீதானே சொன்ன. கிட்ட வராதன்னு."

"நானா? எப்போ?"

"ஹேண்ட்பால்ல. பதிமூணு வயசுல."

டில்டே வாயைப் பிளந்தாள். "பதிமூணு வயசுல இனிமே செத்தாலும் மீன் தின்ன மாட்டேன்னு கூடத்தான் சொன்னேன். அதையும் நம்புனியா?" சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது சிரிப்பு இல்லை. அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகினாள். "உனக்குத்தான் என் பக்கத்துல நிக்கப் பிடிக்கலேன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்பா."

ஃப்ளெம்மிங் அவள் தோளைப் பற்றினார். இல்லை இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். அவள் கையைப் பிடித்து அவரைக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "இது எங்கப்பா! தண்ணி ஒழுகுனா கண்டுபிடிப்பார்!" என்று கத்தினாள். முப்பது பேரும் அவருக்காக ஓவென்று கூவினார்கள். யாரோ கையில் பீர் திணித்தார்கள், யாரோ தோளில் தட்டினார்கள். ஹாரன் அடித்தது. பத்து நிமிஷம் முடிந்தது. டில்டே வேலிக்குள் கிடந்த தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடிப்போய் ஏறி, லாரி திருப்பத்தில் மறைகிற வரை இரண்டு கையையும் ஆட்டினாள். அவரும் ஆட்டினார். கேமரா கழுத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

யூட்டே கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவரும் குனிந்து நாலைந்தைப் பொறுக்கினார்.

"எத்தனை எடுத்த?"

"ஒண்ணு."

"ஒண்ணா! நீயா? எங்க காட்டு," என்று கேமராவை வாங்கிப் பார்த்தாள்.

பின்னால் லாரியில் கட்டிய பிர்ச் இலைகள் ஒவ்வொன்றும் அத்தனை தெளிவாக இருந்தன, நரம்பு எண்ணலாம். நடுவில், படம் முழுக்க, டில்டே. திறந்த வாய், நீட்டிய இரண்டு கை, தலையில் ஒரு வெள்ளைத் தீற்றல். அவள் மட்டும் மொத்தமும் கலங்கல்.

"அடடா, கெட்டுப்போச்சே," என்றாள் யூட்டே. அவளுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "கம்ப்யூட்டர்ல ஏதாவது சரி பண்ண முடியுமா?"

"இதுல சரி பண்ண ஒண்ணுமில்ல," என்றார் ஃப்ளெம்மிங். "ஆறு வருஷமா நான் எடுத்த அத்தனை படத்துலயும் அவ வேற யார்கிட்டயோ போய்க்கிட்டிருப்பா. ஒண்ணு முதுகு தெரியும், இல்லேன்னா ஒரு பக்கம். இது ஒண்ணுலதான் என்கிட்ட வர்றா."

யூட்டே கேமராவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"எனக்கும் ஒண்ணு அனுப்பு," என்றாள்.