கடல்பல்லிக்கு மாவுக்கட்டு

இந்தச் சுண்ணாம்புக்கல் குவாரியில் புதைபடிவம் தேடித் தலை நரைக்கும்வரை அலைந்து நான் கண்டதெல்லாம் சிப்பி, நத்தை, மறுபடியும் சிப்பி. போன வாரம்தான், இரண்டு வெள்ளைப் பாறைகளுக்கு நடுவே, விரலால் தேய்த்தாலே உதிரும் சாம்பல்நிறக் களிப்பாறை அடுக்கில், கோடி வருஷங்களுக்கு முன் கடலில் நீந்திய ஒரு கடல்பல்லியின் எலும்புக்கூடு அகப்பட்டது. வயிற்றுக்குள் குட்டி! இந்த வகை முட்டையிடவில்லை, குட்டிதான் போட்டது என்பதற்கு ஒரே சாட்சி. கடவுளே, அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

குவாரி மேஸ்திரி கையைப் பிசைந்தார். "நாளைக்கு இந்தப் பக்கம் வெடி வச்சாகணும் மேடம். முதலாளிகிட்ட நானும் கெஞ்சிப் பாத்துட்டேன். அதுக்குள்ள எடுத்துடுங்க."

உதவிக்கு ஆளில்லை. மறுநாள் விடிகாலையிலேயே தம்பியை வரச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறவன், கைராசிக்காரன் என்று பெயர்.

"என்னக்கா, பேஷன்ட் மூச்சே விடல?" வந்ததும் வராததுமாகக் கிண்டல்.

"வாயை மூடிட்டுக் கட்டப் போடுடா."

எலும்பைச் சுற்றித் தோண்டி, பாறையை மேசைபோல் நிறுத்தியிருந்தேன். அதன்மேல் ஈரக்காகிதம் ஒரு சுற்று, பிறகு மாவில் நனைத்த சாக்கு. மாவு காய்ந்து பாறையை இறுக்கிப் பிடித்தால்தான் புரட்டித் தூக்க முடியும். இதையெல்லாம் சொல்லிவிட்டு லாரி பேசப் போனேன். திரும்பி வந்தபோது கட்டு அம்சமாகக் காய்ந்திருந்தது. அடியில் உளி ஓட்டி, கூலியாட்கள் இருவரோடு நாங்களும் பிடித்துப் புரட்டினோம்.

சரசரவென்று சத்தம். வெறும் கட்டுதான் எங்கள் கையில் இருந்தது. உள்ளே இருந்த பாறை மொத்தமும் வழுக்கி விழுந்து தூளாகிவிட்டது. கட்டின் உட்புறம் முழுக்கத் தடிமனாகப் பஞ்சு.

"பஞ்சு எதுக்குடா வச்ச?"

"வைக்காம எப்படிக்கா? கட்டு உரசினா வலிக்குமே..." பாதியிலேயே அவனுக்கு உறைத்துவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

அடிக்கக் கை ஓங்கினேன். முடியவில்லை. மண்டியிட்டுத் தூளை அளைந்தேன். தாய் எது, குட்டி எது, மண் எது என்று ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்றைத் தேட எனக்கு ஆயுசு போதாது.

மேலே விளிம்பிலிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார். அங்கிருந்து பார்த்தால் காலியான இடமும் வெள்ளைக் கட்டும்தான் தெரியும்.

"ஜம்முனு எடுத்துட்டீங்களே மேடம்! வெடிக்குச் சங்கு ஊதலாமா?"

தம்பி என் முகத்தையே பார்த்தான்.

"எடுத்தாச்சுங்க," என்றேன். "ஊதச் சொல்லுங்க."